தறி நின்றால் கேட்கும்

ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், நகரியில் நான் தமிழ் வாத்தியார். ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். வகுப்பு முழுக்க நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவர்கூடத் தறிச் சத்தத்தைப் பற்றி எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“தெருவே தடதடங்குது, உங்க காதுல மட்டும் விழலியா?”

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “நைனா நெய்துகினு இருந்தா கேக்காது சார். நிறுத்தினாதான் கேக்கும்.”

“அதையே எழுதிக்கினு வா” என்றேன்.

மறுநாள் அவள் நோட்டில் இவ்வளவுதான் இருந்தது: “தம்பி பிறந்த அன்று நைனா தறியை நிறுத்திவிட்டார். வீடு பெரிசாகிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சின்ன அழுகை வந்தது.”

சிவப்பு மைப் பேனாவைத் திறக்காமலே நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.