பாகராபேட்டை கணவாயில் இரண்டு கார்

லோகேஸ்வரனுக்கு அலுத்துப்போய்விட்டது. திருப்பதியில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாடகைக் கார் ஓட்டியே இடது முட்டி தேய்ந்துவிட்டது. மிச்சம் இரண்டு பழைய கார்கள்: அவர் வாங்கிய அம்பாசிடர், மனைவி கன்னிகாவுக்கு அவள் அப்பா விட்டுப்போன பத்மினி. கார்களை நிறுத்தும் ஷெட்டின் சொந்தக்காரர் பாதி இடத்தைத் திருப்பிக் கேட்டார். ஒன்றை விற்றே ஆக வேண்டும். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள பழைய கார் வாங்கி விற்கும் ஸ்ரீ சிட்டி பாஸ்கர் தயாராக இருந்தார்.

"இதுல யோசிக்க இன்னாமே கீது? அம்பாசிடரு இன்ஜினு ஆயிரத்து நானூத்தி எண்பத்தொம்பது சீசீ. உன்னுது ஆயிரத்து எண்பத்தொம்பது. என் வண்டி ஏழு பேர ஏத்திக்கினு மலை ஏறும். உன்னுதுக்கு நாலு பேருக்கே மூச்சு வாங்கும்."

கன்னிகா பத்மினியில்தான் ஓட்டப் பழகினாள். கல்யாணத்துக்கப்புறம் அதைத் துடைத்ததோடு சரி. தான் இருக்கும்போது பெண்டாட்டி ஓட்டுவதா என்ற வீம்பு அவருக்கு. அந்த வீம்புக்கு மட்டும் யாரும் பிரேக் பொருத்தவில்லை. ஆனாலும் அவள் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டதில்லை.

"சீசீ கெடக்கட்டும். ரெண்டையும் கணவாயில ஏத்திப் பாத்துட்டு வித்துக்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பாசிடரில் போனார்கள். வண்டி ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது. ஆனால் அந்தக் கிளட்சை ஒவ்வொரு வளைவிலும் மிதிக்க வேண்டுமே! உச்சியில் நிறுத்தியபோது இடது கால் மடங்க மறுத்தது. கையால் தூக்கித்தான் வெளியே வைத்தார். கன்னிகா பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்தாள்.

மதியம் பத்மினி. கிளட்ச் லேசுதான், ஆனால் பாதி மலையில் வெயிலுக்கு நின்றுவிட்டது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று கொக்கரித்தார். வலிக்கு நடுவிலும் அந்த சந்தோஷம்.

கன்னிகா பானெட்டைத் திறந்தாள். அவர் தோளிலிருந்த துண்டை உருவி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, பெட்ரோல் பம்பின் மேல் போட்டாள். சூட்டில் பெட்ரோல் ஏறாமல் அடைத்துக்கொண்டால் அவள் அப்பா செய்கிற வைத்தியம் அது. சற்றுப் பொறுத்து அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடத் தொடங்கியது. கிளட்சை மிதிக்கப் போனவருக்குக் கால்தான் எழவில்லை. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"ரெண்டு வண்டியும் ஏறுதுமே. நான்தான் ஏற மாட்டேங்கிறேன்."

அவள் பானெட்டை இறக்கி மூடினாள்.

"அம்பாசிடர பாஸ்கர எடுத்துக்கச் சொல்லிடு" என்று நகர்ந்து இடப்பக்கம் உட்கார்ந்தார்.

கன்னிகா சுற்றி வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். முதல் வளைவில் கியர் மாற்றினாள். பக்கத்தில் அவருடைய இடது கால், வெறும் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது.

"கால எடுய்யா, வலிக்கப்போவுது" என்றாள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் மிதிச்சிக்கினுதான கீறேன்."