உருளைக்கு முன்னாலிருந்த தடுப்பு

எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது குறைந்தபோது, நீர்வேலிக்கு அப்பால் ஒருவர் மட்டை ஆலை தொடங்கினார். வைக்கோலையும் வாழைத்தடலையும் அவித்துக் கூழாக்கி, பெட்டி செய்யும் தடித்த மட்டை எடுப்பார்கள். நானும் அண்ணையும் உரும்பிராயிலிருந்து ஒரே சைக்கிளில் வேலைக்குப் போனோம்.

அண்ணைக்கு மட்டை காயவைக்கும் பகுதியில் வேலை. ஆளுயர இரும்பு உருளைகள், உள்ளே நீராவி. ஒரு கம்பளிப் பட்டி ஈர மட்டையை உருளையோடு அழுத்திக்கொண்டு சுற்றும். மட்டை அடிக்கடி அறும். அறுந்த நுனியைக் கையால் எடுத்துப் பட்டிக்கும் உருளைக்கும் இடையில் திரும்பக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. வேலை சுணங்குகிறது என்று மனேச்சர் அதைக் கழற்றுவித்தார். அண்ணை வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.

ஒரு மாரிகாலக் காலையில் அண்ணையின் வலக்கை உள்ளே போனது. நான் கிட்டத்தான் மட்டை அடுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை, என்னைத்தான் பார்த்தார். கொதிகலன் பார்க்கிறவர் ஓடிவந்து நிறுத்துவதற்குள் முழங்கை வரை போய்விட்டது. வாழைக்குலை ஏற்றும் லொறியில் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"அம்மாட்டை இப்ப சொல்லாதை" என்றார் அண்ணை வழியில். ஆஸ்பத்திரியில் கையை எடுக்க வேண்டி வந்தது.

மறுநாள் சைக்கிளை எடுக்க ஆலைக்குப் போனேன். உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணை நின்ற இடத்தில் இன்னொருவர் நின்றார். தடுப்பு சுவரோரம் அப்படியே கிடந்தது. நீராவி வீணாகும் என்று, பட்டியைக் கழுவிவிட்டு முதல்நாள் பின்னேரமே ஓட்டத் தொடங்கினார்களாம். அண்ணையின் கவனக்குறைவுதான் காரணம் என்றார் மனேச்சர்.

"தடுப்பைத் திரும்பப் பூட்டுங்கோ. அதுவரைக்கும் நாங்கள் மட்டை தூக்கமாட்டம்" என்றேன்.

நான் யாரையும் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் என்னோடு அடுக்குகிற பெண்கள் ஒவ்வொருவராக நிலத்தில் குந்திவிட்டார்கள். மட்டை குவிந்து, உருளைகளிலிருந்து அது வெளியே வரும் வாயை அடைத்தது. வேறு வழியில்லாமல் நிறுத்தினார்கள். பொழுதுபடுமுன் தடுப்பைப் பூட்டினார்கள். அந்தக் கிழமையே என்னை வேலையால் நிற்பாட்டினார்கள்.

அண்ணையிடம் சொன்னபோது, "அதிலை இப்ப நிக்கிறது ஆர்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பிள்ளைகுட்டிக்காரன், நல்லதுதான் என்றார்.

பிறகு இறக்குமதி திறந்துவிட, ஆலை மூடிப்போனது. அண்ணை கலியாணம் செய்யவில்லை. கேட்டு வந்தவர்களைத் தானே திருப்பி அனுப்பினார். ஆட்களுக்கு முன்னால் இடக்கையால் சாப்பிட அவருக்குக் கூச்சம். எங்கள் வீட்டிலும், எல்லாரும் எழும்பிப் போனபிறகுதான் சோத்துக் கோப்பையை எடுப்பார்.