பகலில் இறங்கும் பேட்டரி

கார் பானெட்டைத் தூக்கியதும் எதிர்வீட்டு அண்ணன் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பிறகு வோல்ட் மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளைப் பேட்டரியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படிக்கிறார். மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறையில் குறிக்கிறார்: காலை 12.6. அவருக்கு மருந்துக்கடை. கடைக்குப் போவது ஸ்கூட்டரில். கார் வெளியே போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்; அதற்கு வைத்தியம் தினமும்.

"ராத்திரி சார்ஜர் போட்டா காலையில ராஜா மாதிரி இருக்கு தம்பி. சாயந்தரம் பாத்தா பன்னெண்டு புள்ளி ஒண்ணு. பகல்ல எவனோ உறிஞ்சறான்!"

மனுஷர் பார்க்காத சோதனை இல்லை. முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடா மாவும் வெந்நீரும் விட்டுத் தேய்த்தார். எஞ்சினை ஓடவிட்டு அளந்தார்: பதினான்கு புள்ளி இரண்டு. "ஆல்டர்னேட்டர் மேல தப்பில்ல, அது பாட்டுக்கு ஊட்டுது." ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். கடைசியில் வெறுத்துப்போய், "சனியன, வித்துத் தொலைச்சுடறேன். ஞாயித்துக்கிழம ஆள் வருது," என்றார்.

உறிஞ்சுவது யாரென்று எனக்குத் தெரியும். அண்ணி!

போன வருஷம் அண்ணன் அண்ணிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த லட்சணத்தைத் தெருவே கேட்டது. மூன்றாம் நாள் ஸ்டியரிங்கை வெடுக்கென்று பிடுங்கி, "உனக்கெல்லாம் இது வராது, எறங்கு!" என்று கத்தினார். அண்ணி இறங்கிப் போனார். இப்போது அண்ணன் கடைக்குப் போனபின் சாவியைத் திருப்பி, விளக்குப் போட்டு, வைப்பரை ஆட்டி, கியர் மாற்றி, நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டுகிறார். சத்தம் கேட்குமே என்று எஞ்சினைக் கிளப்புவதில்லை. "சொல்லிடாத தம்பி. நல்லா கத்துக்கிட்டு, ஒருநாள் நானே அவர கடையில கொண்டுபோய் எறக்கணும்." கண் கலங்கச் சொன்ன மனுஷியை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

வியாழக்கிழமை மதியம் அண்ணனே துப்பறிய வந்துவிட்டார். என் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். சுள்ளென்று வெயில், காய்ந்த கண்ணாடிமேல் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி பக்கக் கண்ணாடியைப் பார்த்து இண்டிகேட்டர் போட்டு, "மெதுவா... மெதுவாம்மா... பரவால்ல, வந்துரும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்ததால் அத்தனையும் கேட்டது.

அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. "இப்படி ஒரு வார்த்தை நான் சொல்லலியே தம்பி," என்றார். பாவமாக இருந்தது எனக்கு.

நேரே போய்ப் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தார். அண்ணி பதறிச் சாவியில் கை வைத்தார்.

"அணைக்காத. நிறுத்தி வெச்சே ஓட்டினா எறங்கத்தான் செய்யும். ரோட்டுல ஓட்டினாத்தான் சார்ஜ் ஏறும். கெளப்பு."

"ஞாயித்துக்கிழம ஆள் வருதே?"

"வந்தா காபி குடிச்சிட்டுப் போகட்டும்."

முதல் தடவை வண்டி உறுமிவிட்டு நின்றது. "கிளட்ச்ச..." என்று ஆரம்பித்தவர் அத்தோடு வாயை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவை குலுங்கிக்கொண்டே நகர்ந்தது. என்னைக் கடந்தபோது உள்ளே பார்த்தேன். அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.