பழைய மெமரியைத் தூக்கிடலாமா?

அம்மா பேசும் வீடியோ எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாமல்லபுரம் கடற்கரையில், நான் பக்கத்தில் நிற்க, என் வீட்டுக்காரர் எடுத்தது. அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள். கேமராவில் இடமில்லை என்று அந்த வீடியோவை, வீட்டு நெட்வொர்க்கில் மாட்டியிருந்த சேமிப்புப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, கார்டைச் சுத்தமாக அழித்து வைத்திருந்தார் மனுஷர். பெட்டியோ படு சோம்பேறி. அம்மா வாயைத் திறக்கும்போது படம் அப்படியே நின்றுவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மெமரி பத்தலை, கூடப் போட்டா சரியாயிடும்" என்றார். சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். நான்தான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்டேஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் மூடியைக் கழற்றினார். "இன்னாக்கா, இத்த வச்சிகினா ஓட்டிகினு இருந்தீங்க? பழைய மெமரிய தூக்கிடலாம். புச்சு போட்டுக்கலாம்."

எனக்குத் தெரிந்த மெமரி, கேமராவில் போடும் மெமரி கார்டு. அதில்தானே படம் இருக்கும்!

"யோவ், கைய எடு! அதுல எங்கம்மா இருக்காங்க!"

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"பதறாதீங்கக்கா. படம்லாம் தோ, இந்த டிஸ்க்ல கீது. அத்த நான் தொடவே மாட்டேன். இந்த மெமரி வேல செய்ய சொல்லோ மட்டுந்தான். கரண்டு பூட்சுன்னா எல்லாத்தையும் மறந்துடும்."

"மறக்கறதுக்குப் போய் யாராவது மெமரின்னு பேரு வைப்பாங்களா?"

"நானாக்கா பேரு வச்சேன்?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை.

லேப்டாப்புக்குப் போடுகிற குட்டை மெமரிதான் இதற்கும் பொருந்துமாம். அவரிடம் ஒரு ஜிபியும் இருந்தது, இரண்டு ஜிபியும் இருந்தது. "ரெண்ட இது ஏத்துக்குமான்னு தெரியல. போட்டுப் பாக்கலாமா?" என்றார். வந்ததே வந்தோம், பெரிசாகவே போடுங்கள் என்றேன். போட்டார். பெட்டி எழுந்திருக்கவே இல்லை. சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது. முருகா, அம்மாவைக் கொண்டுவந்து நானே தொலைத்துவிட்டேனா?

அவர் அதைப் பிடுங்கிவிட்டு ஒரு ஜிபியைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சைக்கு மாறியது. அப்பாடா! கடையின் கம்ப்யூட்டரில் வயரை மாட்டி, "எந்தப் படம்னு நீங்களே பாத்துக்கங்க" என்று எழுந்து எனக்கு இடம் விட்டார்.

வீடியோ எங்கேயும் நிற்காமல் ஓடியது. அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குப் பயந்து பின்னால் போனாள். அப்புறம் திரும்பி நேராக என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம்டி வெயில்ல நிப்பே? இப்படி வா."

"இதோ வரேம்மா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.