பெரியம்மா வீட்டுப் பெட்டி

என் அக்காவுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. ஆனால் கடைத்தெருவுக்குப் போனால் யாராவது ஒருவர் "பெரியம்மா" என்று கூப்பிடாமல் விடமாட்டார்கள். பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை, நிரந்தரமாக ஓர் இடம் கிடைக்கும்வரை வளர்த்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. சிலர் ஒரு மாதம் இருப்பார்கள், சிலர் பல வருஷம். ஒரு பிள்ளை கிளம்பிப் போனால் சரியாகச் சாப்பிடமாட்டாள், யாரோடும் பேசமாட்டாள். பிறகு எழுந்து அடுத்த பிள்ளைக்குப் படுக்கை விரிப்பாள்.

படம் எடுப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம். முதல் பல், முதல் செருப்பு, காய்ச்சல் விட்டுச் சிரித்த முகம், எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள். "நாளைக்கு இந்தப் பிள்ளை வந்து கேட்டா, எங்கிட்ட இல்லாம வேற யார்கிட்டடி இருக்கும்?" என்பாள். அதுவும் நியாயம்தான்.

அத்தனையும் கூடத்து அலமாரியில், ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டிக்குள். வீட்டில் எந்த ஃபோனிலிருந்தும் அதைத் திறந்து படம் பார்க்கலாம். பொருத்திக் கொடுத்தவள் நான். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கணினியில் இருந்த படங்களையும் அதிலேயே ஏற்றிவிட்டுக் கணினியைத் தூக்கிப் போட்டோம். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே படங்கள்.

"அதான் ரெண்டு இருக்கே, அப்புறம் எதுக்கு பேக்கப்பு?" இது அத்தான்.

"ஒரு டிஸ்க் கெட்டா இன்னொண்ணு தாங்கும் அத்தான், அவ்வளவுதான். பெட்டியில நீங்க எதையாவது அழிச்சீங்கன்னா ரெண்டுலயும் சேர்ந்து போகும். தனியா ஒரு காப்பி வேற இடத்துல இருக்கணும்." தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன மாதம் பெட்டி நிரம்பிவிட்டது. பெரிய டிஸ்க்குகள் இரண்டு வாங்கிக் கொடுத்து, "முதல்ல நான் வந்து தனியா காப்பி எடுக்கிறேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தானுக்குக் கை சும்மா இருக்குமா? பழைய டிஸ்க் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சொருகியிருக்கிறார். படங்கள் அதில் ஏறி முடிவதற்குள், உள்ளே மிச்சமிருந்த பழையது கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, கழற்றியதில் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும். அதை அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சும்மா கிடக்கிறதே என்று டிஸ்க் மாட்டும் ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு டிவியில் சொருகினார். ஃபார்மட் செய்யலாமா என்று டிவி கேட்டிருக்கிறது. தாராளமாக என்று அழுத்திவிட்டு, அதில் முழுக்கக் கால்பந்தாட்டம் பதிவு செய்து வைத்திருந்தார்.

வேறு சமயமாக இருந்தால் நான் ஆடித் தீர்த்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குண்டன் வருவதாக இருந்தது.

குண்டன் பிறந்த கொஞ்ச நாளில் அக்கா கைக்கு வந்து, நடை பழகிய பிறகு வேறு வீட்டுக்குப் போனவன். இப்போது ஒல்லிக்குச்சி, பெயின்டர். குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்கிறார்களாம். "இருக்கலாம் பெரியம்மா. ஆனா என்னைக் குழந்தையில பார்த்தவங்க இங்க யாரும் இல்லையே. படம் இருந்தா பக்கத்துல வச்சுப் பார்ப்பேன்" என்று ஃபோனில் கேட்டிருந்தான்.

"நீதான் பார்த்திருக்கியே. நீயே சொல்லேன்" என்றேன் அக்காவிடம்.

"முகம் ஞாபகம் வரலடி. கண்ணை மூடினா எல்லாப் பிள்ளையும் ஒண்ணு மேல ஒண்ணா வந்து நிக்குது. அவன்கிட்ட போய்ப் பொய் சொல்லச் சொல்றியா?" என்று அழுதாள். படம் போனதைவிட அதுதான் அவளை அரித்தது.

டிஸ்க்குகளைக் கடைக்கு எடுத்துப் போய் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். கோல்கீப்பர்தான் கிடைத்தார். திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும், அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பிள்ளைங்க போகும்போது ஒரு சின்ன டிஸ்க்ல அவங்க படத்தைப் போட்டுக் குடுப்போமே..."

"குண்டன் போனப்ப அந்த வழக்கம் ஏது?" என்றாள் அக்கா.

"இல்லதான். ஆனா பின்னாடி போனதுங்க கையில இருக்கும்."

"அவங்க டிஸ்க்ல அவங்க படம்தானே அத்தான் இருக்கும்?"

"யாரு அதையெல்லாம் பிரிச்சு எடுக்கிறது? பெட்டியில இருந்ததை மொத்தமா போட்டுக் குடுத்துட்டேன். எல்லாருக்கும்."

ஒரு பிள்ளையின் படத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது விதிப்படி தப்பு. நல்ல நாளாக இருந்தால் அக்கா அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்றைக்கு அந்தச் சோம்பேறித்தனத்தைக் கும்பிடத் தோன்றியது. உடனே ஆளுக்கொரு ஃபோனை எடுத்தோம். ஒருத்தன் தொலைத்துவிட்டான், ஒருத்தி வெளியூர். வாயாடிதான் எடுத்தாள். குண்டன் போய்ப் பல வருஷம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்து வளர்ந்தவள், இப்போது பஸ் ஓட்டுகிறாள். "என்கிட்ட பத்திரமா இருக்கு சித்தி. ஞாயித்துக்கிழமை ஷிப்ட் முடிச்சு நேரா வர்றேன்" என்றாள்.

அவள் வந்தபோது குண்டனும் அவன் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அக்கா மடியில். வாயாடி டிஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவி வந்து குழந்தை முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அது அழத் தயாரானது.

"யாரு சொன்னது இது அம்மா ஜாடைன்னு? அழறதுக்கு முன்னாடி கீழ் உதட்டை மடிக்குது பாருங்க. அப்படியே நீங்கதான்" என்றாள் குண்டனைப் பார்த்து.

அவன் விழித்தான். "நம்ம ரெண்டு பேரும் இன்னைக்குத்தானே பார்க்கிறோம்?"

"நீங்கதான் இன்னைக்குப் பார்க்கிறீங்க. குண்டன்னு பேர் போட்ட படத்துல மஞ்ச வாளிக்குள்ள உட்கார்ந்துகிட்டு இதே மாதிரி உதட்டை மடிச்சிருப்பீங்க, எனக்குத் தெரியாதா? இங்கிருந்து போன வீட்டுல எனக்குப் பேச ஆளே இல்ல. உங்க எல்லார் படத்தையும்தான் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். கூடப் பிறந்தவங்க இருக்காங்களான்னு யாராவது கேட்டா, இருக்காங்கன்னு சொல்லிடுவேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். டிஸ்க் இன்னும் என் கையில்தான் இருந்தது, அதைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குண்டன் எழுந்து வந்து, அக்கா மடியிலிருந்து குழந்தையை எடுத்து வாயாடி கையில் கொடுத்தான்.

"அத்தைகிட்ட போம்மா" என்றான்.