இத்தா வீட்டில் ஒரு கொலைக் கதை

கற்பிட்டியில் என் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, இத்தா இருந்த காலத்தில்தான் நாங்கள் எல்லோரும் துப்பறியத் தொடங்கினோம். மச்சான் மாரடைப்பில் திடீரென்று மௌத்தாகியிருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும்; அதுதான் இத்தா. ராத்தாவும் இருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். பேச்சுக் கொடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். துணைக்கு வந்த பெண்களும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். இவள் இனிப் பேசவே மாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அந்தக் கோபத்தோடு நூலகத்துக்குப் போனேன். யாரோ தமிழாக்கிய பழைய இங்கிலாந்துத் துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்து வந்து, ராத்தாவின் அறையில் கதிரையைப் போட்டுச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடக் காலத்தில் இந்த மாதிரிக் கதை கிடைத்தால் ராத்தா சோறு தண்ணியை மறந்துவிடுவாள்.

"இத்தா வீட்டில கொலைக் கதையா? வேற ஒண்டும் கிடைக்கல்லையா ஒனக்கு?" என்றார் ராத்தாவின் மாமியார். நானும் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். திட்டிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தவர், இரண்டாம் அத்தியாயத்தில் கட்டிலுக்குக் கிட்டே வந்துவிட்டார்.

ஒரு பெரிய பங்களா. பணக்காரக் கணவனை யாரோ நஞ்சு வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். வீட்டில் மனைவி, அவனுடைய தம்பி, குடும்ப வைத்தியர். கதை வெளியே கசிந்து, சின்னம்மா முறையான எங்கள் சாச்சி கருவாட்டுக் கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அறையில் கால் வைக்க இடமில்லை. எனக்கு ஒரே சந்தோசம்.

கொலை நடந்த மூன்றாம் நாள் அந்த மனைவி தோட்டத்தில் இறங்கி ரோசாப்பூ வெட்டுகிறாள். அவ்வளவுதான்.

"இவதான்" என்றார் மாமி. "புருஷன் மௌத்தாகி மூணு நாள், வாசலத் தாண்டிட்டா பாருங்க."

"பொலிஸோட நிண்டு கதைக்கிறா. தலையில முக்காடும் இல்ல" என்றார் சாச்சி.

"அவங்கட ஊரில இத்தா இல்ல மாமி" என்று விளக்கினேன். யார் கேட்டது? "இல்லாட்டிப் போகட்டும், மனசில ஒரு இது வேணாமா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். மாம்புரியிலிருந்து சொந்தக்காரி ஒருத்தி போன் எடுத்து, "அவளப் பிடிச்சிட்டாங்களா?" என்று கேட்கிற அளவுக்குத் தீர்ப்பு ஊர் பரவியது.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. கணவன் இறந்த மறுநாள் காலை அந்த மனைவி இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினாள் என்று வேலைக்காரி சாட்சி சொல்கிறாள். இரண்டாவது கோப்பை யாருக்கு என்று துப்பறிகிறவர் கேட்கிறார். எனக்கே புல்லரித்தது.

"முடிஞ்சுது. கூட்டாளி ஒருத்தன் வந்திருக்கான்" என்றார் மாமி.

"இல்ல."

ராத்தா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "அது புருஷனுக்கு ஊத்தினது. பழக்கத்தில கை போயிரும். இவரு மௌத்தாகி அடுத்த நாள், விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பி நானும் ரெண்டு கோப்பையிலதான் ஊத்தினேன். ஆரும் காணுறதுக்கு முதல் ஒண்டக் கொட்டிட்டேன்."

மாமி மச்சானைப் பெற்றவர் அல்லவா, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடியே இருந்தார். துடைத்து முடித்து, "அப்ப அவ செய்யல்ல" என்றார்.

அதற்குப் பிறகு அறை இரண்டுபட்டது. சாச்சி வைத்தியர் என்றார், மாமி தம்பி என்றார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் புத்தகத்தைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு எழுந்து போனோம்.

மறுநாள் நாங்கள் வந்தபோது ராத்தா தலை வாரிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது. முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"முடிச்சிட்டியா மகள்?" என்றார் மாமி.

"ஓம்."

"தம்பிக்காரன்தானே?"

ராத்தா சிரித்தாள். மாமி கெஞ்சினார், சாச்சி புத்தகத்தைப் பறிக்கப் பார்த்தார். ராத்தா அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்தான். கதை முடிஞ்சா நீங்க ஆரும் வர மாட்டீங்க."