தீவுக்காரன் மூட்டை கட்டிய ஞாயிறு

அந்த ஒலிப்பதிவில் இருந்தவர்கள்: நான், பெயர் தெரியாத ஒரு கான்ஸ்டபிள், என் நண்பன் கஜேந்திரன், தூரத்தில் ஒரு தீவுக்காரர். இருந்திருக்க வேண்டியது, ஆனால் இல்லாதது, என் லைசன்ஸ். அந்தப் பதிவு, போன வாரம் போனில் இடம் போதாமல் பழைய ஆடியோக்களை அழித்துக்கொண்டிருந்தபோது அகப்பட்டது. அழிக்கக் கை வரவில்லை.

லைசன்ஸ் என்றால் அமெச்சூர் ரேடியோவில் பேச அரசாங்கம் தரும் அனுமதி. எங்கள் வீட்டில் பரீட்சை எழுதிப் பாசான முதல் ஆள் நான். டெல்லியிலிருந்து வந்த அந்தக் காகிதத்தை என் அப்பா, நைனா, என் கையில் விடவில்லை. நகரி பஜாரில் கொடுத்துக் கண்ணாடி ஃப்ரேம் போட்டு, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி, குங்குமமும் வைத்துவிட்டார். “கெவுருமெண்டு முத்திரை போட்டுக்கீதுடா” என்றார். சுவரில் பத்திரமாக இருக்கிறதே என்று நானும் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவன் லட்சணம் அது.

எங்களைப் போன்ற ரேடியோக்காரர்கள் பேசவென்றே மேலே சுற்றிக்கொண்டிருந்த சாட்டிலைட் மிகச் சின்னது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும்; அப்படி ஒரு முறை கடப்பதுதான் ஒரு ‘பாஸ்’. ஒரு நேரத்தில் ஒரே குரலைத்தான் வாங்கித் திருப்பி அனுப்பும்; இரண்டு பேர் சேர்ந்து பேசினால் பலமான குரல்தான் கீழே வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அது திருச்சானூர் ஷேர் ஆட்டோ மாதிரி. வாட்டசாட்டமானவர் உட்கார்ந்துவிடுவார், நாம் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். ஐம்பது வாட்டுக்காரர்களுக்கு நடுவே எனக்கும் கஜாவுக்கும் ஐந்து வாட்டு கைசெட். அதனால் எங்களுக்குள் ஒரு மரியாதை வைத்திருந்தோம்: முதலில் கேட்க வேண்டும், இடைவெளி வந்தால் நாலு வார்த்தை, அடுத்தவன் பேச்சில் விழக் கூடாது.

ஆண்டெனா நாங்களே செய்தது. கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிளாஸ்டிக் பைப்பில் கட்டி, ஈயம் பற்றவைத்தோம். அந்தப் புகை வாசனை எங்கே அடித்தாலும் சித்தூர் ஹாஸ்டல் அறையும், விரலைச் சுட்டுக்கொண்ட கஜா என்னைத் திட்டியதும்தான் நினைவுக்கு வரும். சுட்டுக்கொண்டவன் அவன், திட்டு எனக்கு.

அந்த ஞாயிறு காலை கஜா போன் செய்தான். “மச்சி, தீவுக்காரன் இன்னிக்கு மூட்ட கட்றான். சாயந்தரம் பாஸுதான் கடைசி. நீ வாயத் தொறக்காத, கேட்டுக்கினு மட்டும் இரு.”

உலக வரைபடத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒருவரோடு பேசி நோட்டை நிரப்புவது எங்கள் பைத்தியம். கஜாவுக்கு லட்சத்தீவுச் சதுரம் ஒரு வருடமாகக் காலி. மூன்று நாளைக்கு மட்டும் ஒருவர் செட்டோடு அங்கே போயிருந்தார்.

அவன் நகரிக்குப் பக்கத்தில் விஜயபுரத்தில் தன் வேர்க்கடலைக் கொல்லையில் நின்றான். நான் திருச்சானூருக்குப் பின்னால் காலி மனைகளில், கேட்பதற்கு மட்டும். சட்டைப்பையில் சின்ன ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது; பின்னால் போனில் ஏற்றிக்கொண்டது அந்தப் பதிவைத்தான். மீன்முள் மாதிரி ஒன்றை எவனோ வானத்துக்குக் காட்டுகிறான் என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். கான்ஸ்டபிள் பைக்கை நிறுத்தித் தெலுங்கில் கேட்டார். என் தெலுங்கைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“யார்கிட்ட பேசிக்கினு இருக்க?”

“பேசல சார், கேக்கறேன். சாட்டிலைட்டு.”

“லைசன்ஸ்?”

“நகரில இருக்குது சார். சொவுத்துல.”

“சொவுத்துலயா?”

நைனாவுக்குப் போன் போட்டேன். பவர்லூம் ஓடும் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? மூன்று முறை அடித்து ஓய்ந்தது.

“சரி, செட்ட எடு. ஸ்டேஷன்ல வந்து சொல்லு.”

நாலு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய செட். உள்ளே போனால் திரும்பி வருமா என்று தெரியாது. “என்னைத் தெரிஞ்சவங்க இதுல இருக்காங்க சார்” என்றேன். குரல் எனக்கே அழுகை மாதிரி இருந்தது.

“அப்ப உன் பேரச் சொல்லிக் கூப்புடச் சொல்லு. விட்டுர்றேன்.”

சாட்டிலைட் இறங்க நாலு நிமிடம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துச் செட்டில் தீவுக்காரர் குரல் வந்தது. பெரிய குரல்களுக்கு நடுவே லைசன்ஸில் கஜாவுக்குத் தந்த அடையாள எழுத்துகளில் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கிறது. மறுபடி சொல்லுங்கள் என்றார். கஜா இன்னும் ஒரே முறை சொன்னால் போதும், சதுரம் நிரம்பிவிடும். கான்ஸ்டபிளின் கை ஆண்டெனாப் பைப்பின் மேல் இருந்தது.

பேசும் பொத்தானை அழுத்தினேன். என் எழுத்துகளைச் சொன்னேன். எவரோ மேலே ஏறிப் பேசினார். மறுபடி அழுத்தினேன். “கஜா, நான்தான். என் பேரச் சொல்லு. போலீஸ் சார் பக்கத்துல இருக்காரு.”

இரைச்சலும் யார் யாரோ குரல்களும். பிறகு என் முழுப்பெயர், நைனா பெயரோடு. “கேக்குது மச்சி. நம்ம பையன்தான், லைசன்ஸ் இருக்குது சார்.”

கான்ஸ்டபிள் கையை எடுத்தார். “எங்கருந்து பேசறாரு?”

“விஜயபுரம் சார்.”

“விஜயபுரத்துக்கா? போன் போட்டா ஆவாதா?” பைக்கை உதைத்துக்கொண்டே, “காப்பி ஒண்ணு பையில வெச்சிக்க” என்றார்.

சாட்டிலைட் வடகிழக்கே சாய்ந்துவிட்டிருந்தது. தீவுக்கு அது அதற்குள் அஸ்தமித்திருக்கும். கஜா போனில் வந்தான். “செட்டு இருக்குதா?” இருக்கிறது என்றேன். “சரி, போய் எதுனா துன்னு.” அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசியதில்லை. நான் பேச்செடுத்தால் “விடு மச்சி” என்பான்.

இன்று அந்த மனைகளில் லாட்ஜுகள். சாட்டிலைட் பேட்டரி செத்து, அந்த அலைவரிசையில் வெறும் இரைச்சல். தீவுக்காரர் மறுபடி அங்கே போகவில்லை. கஜா சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறான். நோட்டில் அந்தச் சதுரம் காலியாகவே கிடக்கிறது.

ஹெட்போன் மாட்டிக் கேட்டபோதுதான் அன்று பயத்தில் காதில் விழாதது விழுந்தது. என் பேச்சுக்கும் கஜாவின் பேச்சுக்கும் இடையில், தீவுக்காரர் அவனை இரண்டு முறை கூப்பிடுகிறார். இரண்டாவது முறை அவனுடைய எழுத்துகள் முழுசாக, சரியாக. அதைக் கேட்டுவிட்டுத்தான் கஜா என் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். நான் முதலில் பொத்தானை அழுத்தியதிலிருந்து அவன் ‘சார்’ என்று முடிக்கும்வரை, முப்பத்தெட்டு விநாடி.